பாப்பாவுக்குப் பெல்ட்டு: இறுக்கமா, தொய்வா?

அறிவியல் பகுதி. எழுதுவது: 11-ஆம் வகுப்பு மாணவி



நம்ம ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளியதும் தேர் நிற்கும். ஆனால் தேர் மேலே இருப்பவர்கள் சட்டென்று முன்பக்கம் சாய்ந்து, கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். தேர் நின்றுவிட்டது, அவர்கள் உடம்பு இன்னும் நிற்கவில்லை. நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் தேர் போவது நாம் நடக்கிற வேகத்தில்தான்.

கார் அப்படி இல்லை. அதில் இரண்டு வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தால், பிடித்துக்கொள்ள அதற்குக் கையும் போதாது, பலமும் போதாது. அதனால்தான் குழந்தைக்கென்று தனி சீட்டும், அதில் ஐந்து முனையுள்ள பெல்ட்டும் வைக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் அக்கா, தன் மகளுக்கு அப்படி ஒரு சீட் வாங்கியிருக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் பாப்பாவை அதில் உட்கார வைத்து பெல்ட்டு மாட்டும் வேலை சித்தியாகிய என்னுடையது. கூடவே வந்த கையேட்டை மூன்று தடவை படித்தேன். இயற்பியல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பள்ளியில் தம்பி தங்கையோ அக்கா பிள்ளைகளோ இல்லாத வீடு ரொம்பக் குறைவு. கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக் காரில் சென்னைக்குப் போகாத வீடும் குறைவு.

முதலில் எல்லார் வீட்டிலும் கேட்கிற ஒரு பேச்சு. "எதுக்குடி இந்த நாற்காலி? மடியில வச்சுக்கிட்டா போதாதா?" எங்கள் ஆயா கேட்டது இது. கணக்குப் போட்டுக் காட்டினேன். கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊருக்குள்ளேயே போகிற வேகம்தான். அது நொடிக்கு 10 மீட்டர். எதிலாவது மோதி 0.1 நொடியில் நிற்கிறது. பாப்பாவின் எடை 12 கிலோ. விசை = நிறை × திசைவேக மாற்றம் ÷ நேரம். 12 × 10 ÷ 0.1 = 1200 நியூட்டன். அதாவது சுமார் 120 கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய விசை. 25 கிலோ அரிசி சிப்பம் ஐந்தை நீட்டிய கையில் பிடிப்பது மாதிரி. ஆயாவால் ஒரு சிப்பத்தையே தூக்க முடியாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கைக்கு அந்தப் பலம் வராது. மடியில் இருக்கிற குழந்தைக்குப் பின்னால் நம் உடம்பு எடையும் சேர்ந்து முன்னால் வரும் என்பதையும் யோசியுங்கள்.

சரி, சீட் வாங்கிவிட்டோம், பெல்ட்டும் போட்டுவிட்டோம். அதோடு முடிந்ததா? இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

குழந்தை அழுதால் நாம் என்ன செய்கிறோம்? "பாவம், இறுக்குது போல" என்று பெல்ட்டைத் தளர்த்துகிறோம். மார்புக்கும் பட்டைக்கும் நடுவில் மூன்று விரல் நுழைகிற அளவு தொய்வு. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். இதனால் என்ன ஆகும் என்று 11-ஆம் வகுப்புச் சமன்பாட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

கார் 0.1 நொடியில் நிற்கிறது என்றால் அதன் எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 100 மீட்டர். தொய்வு இருக்கும்வரை பட்டை பாப்பாவைப் பிடிக்காது. கார் வேகம் குறைந்துகொண்டே வர, பாப்பா பழைய வேகத்திலேயே முன்னால் வருகிறாள். அந்த 5 செ.மீ. இடைவெளி தீர எவ்வளவு நேரம்? s = ½at². 0.05 = ½ × 100 × t². t = 0.032 நொடி. கார் நிற்க எடுத்துக்கொள்வதே 0.1 நொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு சும்மா போய்விட்டது! மீதியுள்ள 0.068 நொடிக்குள் பாப்பாவின் முழு வேகமும் குறைந்தாக வேண்டும். 12 × 10 ÷ 0.068 = சுமார் 1760 நியூட்டன். 1200 எங்கே, 1760 எங்கே? தொய்வான பெல்ட்டுதான் குழந்தையின் நெஞ்சில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பலமாக அழுத்தும். இறுக்கிய பெல்ட்டு முதல் கணத்திலேயே பிடித்து, காரோடு சேர்த்து மெல்ல நிறுத்தும். (உண்மையான விபத்தில் வேகம் இப்படிச் சீராகக் குறையாது. இது புரிந்துகொள்வதற்கான எளிய கணக்கு.)

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா பட்டுத் தறி நெய்பவர். "இதுக்கு எதுக்குக் கணக்கு? பாவு தொய்வா இருந்தா நாடா தடுக்கும், அளவுக்கு மேல முறுக்கா இருந்தா இழை அறும். விரல வச்சா தெரியணும்" என்றார்.

அதேதான் பெல்ட்டுக்கும் சோதனை. பாப்பாவின் தோள் எலும்புக்குப் பக்கத்தில் பட்டையை மேலும் கீழுமாக இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் தொய்வு இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரியான இறுக்கம். சதையை அமுக்கிப் பள்ளம் போடுகிற அளவுக்கு இறுக்க வேண்டாம். பட்டை நேர்கோட்டில், உடம்பை ஒட்டிக் கிடந்தால் போதும்.

எப்படி மாட்டுவது? வரிசை முக்கியம். பெல்ட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, பாப்பாவின் முதுகும் இடுப்பும் சீட்டின் பின்பக்கத்தை ஒட்டி இருக்கும்படி உட்கார வையுங்கள். நம் ஆட்கள் அவசரத்தில் விடுவது இதைத்தான். குழந்தை முன்னால் சரிந்து உட்கார்ந்திருக்கும்போதே பூட்டைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அளவு சரியாக வராது. உட்கார வைத்ததும் இரண்டு தோள்பட்டையையும் மாட்டி, காலுக்கு நடுவில் இருக்கும் பூட்டில் 'டக்'கென்று சத்தம் வரும்வரை செருகுங்கள். அடுத்து தோளைத் தொடாதீர்கள். முதலில் இடுப்புப் பக்கத்தில் இருக்கும் தொய்வை மேல்நோக்கித் தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில்தான் சீட்டின் முன்னால் தொங்கும் வாலை இழுக்க வேண்டும். நேராக வாலை மட்டும் இழுத்தால் தோள் இறுகிவிடும், இடுப்பு தொளதொள என்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. தொடை ஆரம்பிக்கும் இடத்தில், இடுப்பு எலும்பின் மேல் கிடக்க வேண்டும். எலும்பு தாங்கும், வயிறு தாங்காது. காலுக்கு நடுவில் வரும் ஐந்தாவது பட்டை எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் குழந்தை கீழே வழுக்கிப் போய், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். அது நடக்காமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. சில சீட்டுகளில் மார்புக்குக் குறுக்கே ஒரு கிளிப்பும் இருக்கும். இருந்தால் அது அக்குள் உயரத்தில் நிற்க வேண்டும், வயிற்றுக்கு இறங்கக் கூடாது. பல சீட்டுகளில் அந்தக் கிளிப்பே கிடையாது. அது குறை இல்லை, அமைப்பு வேறு.

தோள்பட்டை வெளியே வரும் துளைகள் சீட்டின் முதுகில் மேலும் கீழுமாகப் பல வரிசை இருக்கும். எதில் போடுவது? குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உள்ள துளை. முன்பக்கம் பார்த்தால், தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ உள்ள துளை. காரணம் இருக்கிறது. பின்பக்கம் பார்த்த குழந்தை, மோதும்போது சீட்டின் முதுகோடு ஒட்டி மேல்பக்கம் ஏறப் பார்க்கும். கீழிருந்து வரும் பட்டை அதைப் பிடித்து வைக்கும். முன்பக்கம் பார்த்த குழந்தைக்குப் பட்டை தோளுக்குக் கீழிருந்து வந்தால், அது தோளை அமுக்கி முதுகெலும்பின் மேல் பாரத்தைப் போடும்.

பின்பக்கம் பார்த்து உட்காருவது நமக்கு விநோதமாகத் தெரியும். ஆனால் சின்னக் குழந்தைக்கு அதுதான் நல்லது. பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். பெரிய தலை, பிஞ்சுக் கழுத்து. முன்பக்கம் பார்த்தால் உடம்பைப் பெல்ட்டு பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். பின்பக்கம் பார்த்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு ஒன்றாகத் தாங்கும். 1960-களில் சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மேன் என்ற பேராசிரியர்தான் இந்த மாதிரி சீட்டை உருவாக்கினார். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில் போவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். அதற்கு முன்னால் 1930-களில் அமெரிக்காவில் விற்ற குழந்தை சீட்டுகளோ, குழந்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க உயரம் கொடுத்தவை! பாதுகாப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சுவீடனில் நாலு வயது வரைக்கும் பின்பக்கம் பார்த்தே உட்கார வைக்கிறார்கள். "கால் மடங்குதே, வலிக்காதா?" என்று அம்மா கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்குச் சம்மணம் போட்டு உட்காருவது பழக்கம்தானே! எங்கள் பாப்பா அப்படித்தான் ஜம்மென்று உட்காருகிறாள். இந்த மாதிரி சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் மட்டும் வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும்போது நேராகச் சீட்டின் முதுகில்தான் அடிக்கும்.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கையேட்டில் "தடிமனான குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிவிடவும்" என்று போட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஜாக்கெட்டுக்கு எங்கே போவது? நமக்கு அதற்குப் பதில் பட்டுப்பாவாடை இருக்கிறது. மொடமொட என்று சரிகை போட்ட பாவாடை, உள்ளே லைனிங் துணி. அதன் மேலேயே பெல்ட்டைப் போட்டால் நடுப்பட்டை காலுக்கு நடுவில் வராது, இடுப்பில் துணி மூட்டை மாதிரி நிற்கும். கிள்ளிப் பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் மோதும்போது அந்தத் துணி நசுங்கி, நசுங்கிய அளவு தொய்வாகிவிடும். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அதே 5 செ.மீ. இங்கே ஒளிந்திருக்கிறது. அதனால் பருத்தி கவுனோ ஜட்டியும் பனியனுமோ போட்டுக் கூட்டிக்கொண்டு போய், மண்டபத்தில் பாவாடை கட்டி விடுங்கள். அவசியம் கட்டித்தான் கூட்டிப் போக வேண்டும் என்றால் பாவாடையைத் தூக்கிவிட்டு, பட்டைகளை அதற்கு அடியில் மாட்டி, பிறகு மேலே பரத்தி விடலாம். சரிகையும் கசங்காது. நெய்கிறவர் மகள் சொல்கிறேன், கேளுங்கள்.

நகையும் அப்படித்தான். ஒட்டியாணம் கூடவே கூடாது. அரைஞாணில் வெள்ளி மணி கோத்திருந்தால் அது இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டாமல் மேலே ஒதுக்கி விடுங்கள். பாதிக் குழந்தைகள் அழுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அழுகையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இறுக்கத்தால் அழும் குழந்தை குறைவு. வேறு எதுவோ உறுத்துவதால் அழுவதுதான் அதிகம். பாப்பா அழுதபோது நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கினால் அகலம் பாதியாகிவிடும். அதே விசை பாதிப் பரப்பில் விழுந்தால் அழுத்தம் இரண்டு மடங்கு. ஓரம் கழுத்தை அறுக்கும். முறுக்கை எடுத்ததும் பாதி அழுகை நின்றது. இன்னொரு நாள் பூட்டு சுட்டது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் வெயிலில் நிறுத்திய கார் அது. பூட்டின் இரும்பு எப்படிக் கொதித்தது தெரியுமா! இப்போதெல்லாம் காரை விட்டு இறங்கும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போர்த்திவிடுகிறோம். மாட்டுவதற்கு முன் நம் கையால் தொட்டுப் பார்க்கிறோம். (குழந்தையை மூடிய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.) பூட்டுக்குப் பக்கத்தில் தொடைச் சதை மாட்டுவது, ஈர டயப்பர், முதுகில் வேர்வை, இவையும் காரணமாக இருக்கலாம். வேர்வைக்காக முதுகில் தலையணையோ மடித்த போர்வையோ வைப்பது தப்பு. அதுவும் நசுங்கித் தொய்வாகும். மெல்லிய பருத்தி உடுப்பும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறக்கி விடுவதும்தான் சரியான வழி. தூங்கும்போது தலை முன்னால் தொங்கினால் சீட் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கையேடு அனுமதிக்கும் அளவு சாய்க்க வேண்டும்.

பட்டையைப் பற்றி அப்பா கண்டுபிடித்த ஒன்று. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "இதுவும் நெசவுதாம்மா. பாவு நெருக்கம், ஊடை சும்மா கட்டிப் பிடிக்கத்தான்" என்றார். உண்மைதான். பாலியஸ்டர் இழையில் நெய்த நாடாதான் சீட் பெல்ட்டு. இழுவிசை முழுவதையும் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள்தான் தாங்குகின்றன. அதனால்தான் பட்டையை வெட்டித் தைப்பது, முடிச்சுப் போடுவது, ஊசி குத்துவது எதுவும் கூடாது. பிளீச்சிங் பவுடர், இஸ்திரி இரண்டும் ஆகாது. அழுக்கானால் லேசான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் காய வைக்க வேண்டும். பட்டுப்புடவைக்குச் சொல்கிற அதே பக்குவம்! ஓரம் பிசிறடித்திருந்தால் அந்தச் சீட் வேண்டாம். விபத்தில் மாட்டிய பழைய சீட் பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். புதிதாக வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐ.நா. விதி ஆர் 44, ஆர் 129 என்ற ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். காரில் பொருத்திய பிறகு, பெல்ட்டு செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது.

நம் மாவட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில், கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அப்போது பின் சீட்டில் 18 மாதக் குழந்தை அளவில் ஒரு பொம்மையும் 3 வயது அளவில் ஒரு பொம்மையும் குழந்தை சீட்டில் உட்கார்ந்திருக்கும். குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் மொத்தம் 49 மதிப்பெண். அந்தப் பொம்மைகளுக்குப் பெல்ட்டு மாட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி, பொம்மை அழாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது ஆகாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம்.

ஆனால் நம் தெருவில் கார் எத்தனை பேரிடம் இருக்கிறது? குழந்தைகள் போவது ஸ்கூட்டரிலும் டிவிஎஸ்ஸிலும்தான். முன்னால் நிற்க வைப்பார்கள், இல்லாவிட்டால் அப்பா முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டுவார்கள். இதற்கும் ஒரு விதி வந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 15-இல் அறிவித்து, ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. நாலு வயதுக்குட்பட்ட குழந்தை இரு சக்கர வண்டியில் வந்தால், ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் சட்டை மாதிரியான பாதுகாப்புப் பட்டை போட வேண்டும். அது 30 கிலோ தாங்க வேண்டும், அளவு மாற்ற வசதி வேண்டும், தண்ணீர் ஊறக் கூடாது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை அளவான ஹெல்மெட் வேண்டும். வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. நான் பார்த்தவரை நம் தெருக்களில் இதை அணிந்த குழந்தை ரொம்ப அபூர்வம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டை கார் சீட்டுக்குச் சமம் இல்லை. இது குழந்தையை ஓட்டுபவரோடு கட்டுகிறது. ஓட்டுபவரை யாரும் வண்டியோடு கட்டவில்லை. தூங்கி வழிந்து சரியாமல், பள்ளத்தில் குலுங்கும்போது நழுவாமல் காப்பதே இதன் வேலை. அந்த வேலையைத் துண்டும் செய்கிறதே என்பார்கள். துண்டு இடுப்பை மட்டும் பிடிக்கும், மேல் உடம்பு ஆடும். முடிச்சும் போகப் போகத் தளரும். பட்டை இரண்டு தோள் வழியாகவும் வருவதால் உடம்பு ஒட்டியே நிற்கும். இதிலும் அதே கிள்ளல் சோதனைதான். கூடுதலாக, ஹெல்மெட்டின் தாடை வார் இறுக்கமாக இருக்கிறதா, பாவாடையோ துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் ஒரு முழம் பட்டை தொங்குகிறது. என் பழைய புத்தகப் பையிலிருந்து எடுத்தது. ஒரு நண்பரின் தோள் மேல் போட்டு, அடிமுனையை இழுத்துப் பிடித்துக் கிள்ளிப் பாருங்கள். பிறகு மூன்று விரல் தொய்வு விட்டுக் கிள்ளிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஆணியிலேயே மாட்டிவிடுங்கள், மற்ற வகுப்புக்காரர்களும் பார்க்க வேண்டும்.